மிட்நைட் ரன்: துரத்தலுக்கு அடியில் ஒரு கணக்கு

திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு கருத்து நெடுநாளாக என்னுள் தீராமல் கிடந்தது. மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கி 1988-இல் வெளிவந்த ‘மிட்நைட் ரன்’ படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “படம் அருமைதான் சார், ஆனால் அதில் கதை என்று ஒன்று இல்லை. நடுவிலிருந்து எந்தத் துரத்தலைத் தூக்கினாலும் படம் அப்படியே நிற்கும். ராபர்ட் டி நீரோவும் சார்லஸ் க்ரோடினும் சண்டை போட்டுக்கொண்டே போவதைத்தான் நாம் பார்க்கிறோம்” என்றார் அவர். அந்த நேரத்தில் நான் மறுத்துப் பேசவில்லை. மறுக்கக் கையில் சான்று இல்லை என்பதைவிட, அவர் சொன்னதில் பாதி சரி என்றும் தோன்றியதுதான் காரணம். எந்தப் பாதி சரி, எந்தப் பாதி சரியில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை. பிறகு அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தபோதெல்லாம் ஒவ்வொரு துரத்தலின் முன்னும் நிறுத்தி, இதை வெட்டினால் எது விழும் என்று கேட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நண்பர் அப்போது எழுதிக்கொண்டிருந்ததும் ஓர் ஆக்‌ஷன் காமெடிதான் என்பதால் இதை வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்க முடியவில்லை. அவருடைய சீன் ஆர்டரில் ஒரு சண்டை, பிறகு சிரிப்புக்கு மூன்று நான்கு காட்சிகள், மறுபடியும் ஒரு சண்டை என்று சீராக மாறி மாறி வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. கதையை ஒருவர் எழுத, காமெடி ட்ராக்கை இன்னொருவர் தனியாக எழுதி, தனியாகப் படமாக்கி, பிறகு படத்தொகுப்பு மேசையில் இடம் பார்த்துச் செருகிய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ட்ராக்குகளில் பல, அவை செருகப்பட்ட படங்களைவிட நீண்ட ஆயுளோடு இன்றும் தொலைக்காட்சியில் தனித்து ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே, சிரிப்பும் சண்டையும் இரண்டு வேறு சரக்குகள், அளவு பார்த்துக் கலந்தால் போதும் என்ற நம்பிக்கை நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ‘மிட்நைட் ரன்’ அந்த நம்பிக்கைக்கு உட்பட்ட படம்தானா என்பதே என் கேள்வி.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். முன்னாள் சிகாகோ போலீஸ்காரனான ஜாக் வால்ஷ், பிணையில் வந்து தலைமறைவானவர்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குபவன். ஜொனதன் மார்டூகாஸ் என்ற ‘ட்யூக்’, ஜிம்மி செரானோ என்ற மாஃபியா தலைவனிடம் கணக்காளராக இருந்து, 1.5 கோடி டாலரைச் சுருட்டித் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓடியவர். அவருக்கு 4,50,000 டாலர் பிணை கட்டிய எட்டி மஸ்கோன், வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் அவர் லாஸ் ஏஞ்சலஸில் நிற்காவிட்டால் அழிந்துபோவான். நியூயார்க்கிலிருந்து ட்யூக்கைக் கொண்டுவந்தால் ஜாக்குக்கு 1,00,000 டாலர். குறுக்கே நிற்பவர்கள் மூன்று தரப்பினர்: ட்யூக்கைக் கொல்ல வரும் செரானோவின் ஆட்கள், சாட்சியாக்க வரும் எஃப்பிஐ அதிகாரி அலோன்சோ மோஸ்லி, ஜாக்கின் கூலியைத் தட்டிப் பறிக்க வரும் மார்வின் டார்ஃப்லர் என்ற சக தொழிலாளி. ஜார்ஜ் காலோ எழுதிய இந்தத் திரைக்கதை ஒரு வரியில் சொன்னால் இவ்வளவுதான்.

தொலைபேசியில் தொடங்கும் வினை

முதலில் கவனித்தது தொலைபேசியை. துரத்தல் படங்களில் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது, துரத்துகிறவர்கள் எப்படியோ சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்வதுதான். கதாசிரியருக்குச் சண்டை தேவைப்படும்போது வில்லன் வந்துவிடுவான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தப் படத்தில் அப்படி நடக்கவில்லை. ஜாக் தன் முதலாளி எட்டியைத் தொலைபேசியில் அழைக்கிறான். எட்டியின் இணைப்பை எஃப்பிஐ ஒட்டுக்கேட்கிறது. எட்டியின் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கும் உதவியாளன் ஜெர்ரி, ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய், கேட்டதைச் செரானோவின் ஆட்களுக்குச் சொல்கிறான். எட்டியோ பதற்றத்தில் மார்வினைக் களத்தில் இறக்குகிறான். ஒரே கிணற்றில் நான்கு பேர் வாளி விடுவதைப் போல, ஜாக் சொல்லும் ஒரு வார்த்தையை நான்கு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. நமக்கு இது படத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஜாக்குக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் அழகு இரண்டு வகையில் இருக்கிறது. ஒன்று, துரத்தல்கள் தற்செயலாக வருவதில்லை. நாயகன் தானே தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறான். இன்னொன்று, அந்தத் தொலைபேசி உரையாடல்களே படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவைக் காட்சிகளாகவும் இருக்கின்றன. ஜாக் கத்துகிறான், எட்டி பதிலுக்குக் கத்துகிறான், இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டே போகிறார்கள். நாம் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில்தான் அடுத்த ஆபத்துக்கான தகவல் கசிந்துகொண்டிருக்கிறது. சிரிப்பே சண்டையைப் பெற்றெடுக்கிறது. நண்பரின் சீன் ஆர்டரில் இருந்ததுபோல இரண்டும் அடுத்தடுத்த அட்டைகளாக இங்கே இல்லை. ஒரே அட்டையின் இரண்டு பக்கங்களாக இருக்கின்றன.

சரி, வெட்டிப் பார்ப்போம். விமானத்தில் ட்யூக் தனக்குப் பறக்கப் பயம் என்று அலறுகிறார், இருவரையும் இறக்கிவிடுகிறார்கள், ரயிலில் போக வேண்டியதாகிறது. அதை வெட்டினால் படமே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ரயிலில் போவதால் அவர்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அதனால் எட்டி மார்வினை அனுப்புகிறான். மார்வின் ஜாக்கின் கடன் அட்டையை வைத்து அவன் எந்த ரயிலில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதோடு, அந்த அட்டையையும் ரத்து செய்துவிடுகிறான். ரயில் சண்டையில் ஜாக் ஜெயிக்கிறான், ஆனால் ரயிலை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. கையில் பணமும் இல்லை. அந்தச் சண்டையின் மூலம் எஃப்பிஐக்கும் தடம் கிடைத்துவிடுகிறது. பேருந்தில் சிகாகோ போனால் அங்கே எஃப்பிஐயும் செரானோவின் ஆட்களும் காத்திருக்கிறார்கள். அங்கிருந்து தப்பும்போது, நகரத்தில் உதவி கேட்கக் கூடிய ஒரே கதவைத் தட்டுவதைத் தவிர ஜாக்குக்கு வேறு வழி இல்லை. இதுவரை எதை உருவினாலும் அடுத்தது விழுகிறது. படத்தின் முதற்பாதியைப் பொறுத்தவரை நண்பரின் கூற்று நிற்காது என்று இங்கேயே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு துரத்தலும் ஜாக்கிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானம், ரயில், பேருந்து, இரவல் கார், திருட்டு வண்டி, கடைசியில் இருக்கைகூட இல்லாத சரக்கு ரயில் பெட்டி என்று வாகனங்கள் படிப்படியாகத் தரம் இறங்குகின்றன. கடன் அட்டை போகிறது, ரொக்கம் போகிறது, முதலாளியின் நம்பிக்கை போகிறது. மோஸ்லியிடமிருந்து திருடிய எஃப்பிஐ அடையாள அட்டை மட்டும் மிஞ்சுகிறது. அதை வைத்து ஜாக் போகிற இடமெல்லாம் தன்னை மோஸ்லி என்று சொல்லிக்கொள்வதும், பின்னாலேயே வரும் உண்மையான மோஸ்லி அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு முகம் இறுகுவதும் படம் முழுக்க ஓடும் வேடிக்கை. துரத்தல் படங்களில் நாயகன் வர வர வலுப்பெறுவான். இங்கே அவன் வர வர வெறுங்கையனாகிறான். வெறுங்கையனாக்குவது எதற்கு என்பதற்கு விடை சிகாகோ வீட்டில் இருக்கிறது.

சிகாகோ வீடு

நம் ஊர்ப் படமாக இருந்திருந்தால் இடைவேளை எங்கே விழுந்திருக்கும் என்று யோசித்தேன். பேருந்து நிலையத் துப்பாக்கிச் சண்டையில்தான், சந்தேகமே இல்லை. துரத்துபவர்கள் மோதும் இடம், கண்ணாடிகள் நொறுங்கும் இடம். பிரெஸ்ட் அந்தச் சண்டையை விரைவாக முடித்துவிட்டு, நடுப்பகுதியை ஒட்டிய இடத்தை ஒரு வீட்டு முன்னறைக்குக் கொடுக்கிறார். ஜாக் தன் முன்னாள் மனைவி கெய்லின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பல ஆண்டுகளாக அந்தப் பக்கம் வராதவன். பின்னால் கைவிலங்கோடு ட்யூக். பணமும் காரும் கேட்கிறான். கெய்ல் மறுக்கிறாள், பழைய வழக்குகள் மேலெழுகின்றன, இருவரும் குரலை உயர்த்திச் சண்டை போடுகிறார்கள். அப்போது அவர்களுடைய மகள் டெனிஸ் வந்து நிற்கிறாள். சண்டை சட்டென்று நின்றுவிடுகிறது. ஜாக்குக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எத்தனையாவது வகுப்பு படிக்கிறாய் என்று கேட்கிறான். எட்டாம் வகுப்பு என்கிறாள்.

கெய்ல் காரையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்துவிடுகிறாள். அதோடு காட்சி முடிந்திருக்கலாம்; கதையை நகர்த்தத் தேவையானது கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வந்தபின், அந்தப் பெண் அப்பாவிடம் வந்து, பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்ச் சேர்த்த தன் பணத்தை நீட்டுகிறாள். ஜாக் அதை வாங்கவில்லை. அவனிடம் அப்போது எதுவுமே இல்லை, அந்தப் பணம் அவனுக்கு உண்மையாகவே உதவும், இருந்தும் வாங்கவில்லை. படத்தில் அதுவரை வாய் ஓயாமல் பேசி, ஜாக்கின் சிகரெட்டையும் உணவையும் அவன் தொடங்க நினைக்கும் காபிக் கடையையும் குறை சொல்லிக்கொண்டே வந்த ட்யூக், இந்தக் காட்சி முழுவதும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். க்ரோடினின் நடிப்பைப் பற்றிப் பலரும் அவருடைய பேச்சைத்தான் பாராட்டுவார்கள். இந்தப் படத்தில் அவர் பேசாமல் இருக்கும் இடம்தான் முக்கியமானது என்பது என் எண்ணம். பாரமவுண்ட் நிறுவனம் அந்தப் பாத்திரத்துக்கு ராபின் வில்லியம்ஸ் போன்ற பெரிய நட்சத்திரத்தை விரும்பியதும், பிரெஸ்ட் க்ரோடினிலேயே உறுதியாக நின்றதும், படம் யூனிவர்சலுக்குக் கைமாறியதும் தெரிந்த செய்திகள். வில்லியம்ஸ் என் மனத்துக்குப் பிடித்த நடிகர். ஆனால் அந்த முன்னறையில் அவர் சும்மா நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கக் கடினமாக இருக்கிறது.

படத்தின் முதுகெலும்பு எது என்று எனக்குத் தெளிந்தது இந்தக் காட்சியில்தான். படத்தில் ஜாக்கின் முன் திரும்பத் திரும்பப் பணம் நீட்டப்படுகிறது. முதலில் எட்டி 1,00,000 டாலர் பேசுகிறான். அதைக் கூலியாக ஏற்றுக்கொள்கிறான். பிறகு நியூயார்க் விமான நிலையத்தில் செரானோவின் ஆட்கள் ட்யூக்கை ஒப்படைத்தால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரே பேச்சில் மறுத்துவிடுகிறான். அந்த மறுப்பு வரும்போது நமக்கு அது ஒரு முரடனின் தொழில் வீம்பாகவே தெரிகிறது. அடுத்து மகளின் பணம். கடைசியாக விமான நிலையத்தில் ட்யூக் நீட்டும் பணம். எங்கெங்கு வாங்குகிறான், எங்கெங்கு மறுக்கிறான் என்ற வரிசைதான் இந்தப் படத்தின் கதை. துரத்தல்கள் செய்வதெல்லாம், ஒவ்வொரு முறை பணம் நீட்டப்படும்போதும் அவனை முன்னைவிட ஏழையாக நிறுத்துவது. கையில் பணம் இருப்பவன் லஞ்சத்தை மறுப்பதில் பெரிய சிறப்பு இல்லை. பேருந்துக்குக் காசில்லாதவன் மறுக்கும்போதுதான் மறுப்புக்கு எடை கூடுகிறது. அந்த எடையைக் கூட்டும் வேலையைத்தான் ரயில் சண்டையும் பேருந்து நிலையச் சண்டையும் செய்து முடித்திருக்கின்றன.

சிகாகோவுக்குப் பிறகு ஜாக்கின் பழங்கதையும் சிறிது சிறிதாக வெளிவருகிறது. அந்நகரத்துப் போலீஸில் பெரும்பாலோர் ஒரு போதைப்பொருள் வியாபாரியிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் வாங்க மறுத்தான். அந்த வியாபாரியைக் கைது செய்யப் போகும் நேரத்தில் இவன் வீட்டிலேயே போதைப்பொருளை வைத்துச் சிக்கவைத்தார்கள். ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. மனைவி விவாகரத்து செய்து, மாமூல் வாங்கிய மேலதிகாரி ஒருவரையே மணந்துகொண்டாள். அந்த வியாபாரி வேறு யாருமல்ல, செரானோதான் என்பது இன்னும் பிந்தி வருகிறது. அது தெரிந்த பிறகு, விமான நிலையத்தில் 10 லட்சத்தை அவன் மறுத்த அந்தச் சிறு காட்சி முழுவதுமாக வேறு பொருள் கொள்கிறது. ஒரே கையிலிருந்து வந்த பணத்தை அவன் இரண்டாம் முறையாக மறுத்திருக்கிறான். முதல் மறுப்பின் விலை அவனுடைய குடும்பம். இத்தனை பெரிய செய்தியை எழுத்தாளர் தொடக்கத்தில் சொல்லாமல், நாம் அந்தக் காட்சியை மறந்தே போன நேரத்தில் சொல்கிறார். பின்கதையை எங்கே வைப்பது என்று திண்டாடும் எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் இதை ஒரு பாடமாகக் காட்டலாம்.

இரண்டு பொய்கள்

இரண்டாம் பாதியில் நண்பர் பக்கம் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து செரானோவின் ஆட்கள் சுட்டுக்கொண்டே துரத்தும் காட்சி எண்பதுகளின் கோடைக்காலப் படங்களுக்குச் செலுத்தப்பட்ட கப்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதற்பாதியில் ஒவ்வொரு சண்டையும் எதையாவது மாற்றிவிட்டுப் போனதுபோல இந்தச் சண்டை மாற்றவில்லை. படம் வெளிவந்த அதே ஜூலை மாதத்தில், சில நாள் இடைவெளியில், ‘டை ஹார்ட்’ படமும் திரைக்கு வந்தது. கட்டடங்கள் வெடிப்பதற்காகவே மக்கள் திரையரங்குக்குப் போன பருவம் அது. அந்தப் பருவத்தில் ஒரு ஹெலிகாப்டராவது எரியாமல் படம் எடுக்க ஸ்டுடியோவின் மனம் ஒப்பியிருக்காது என்று ஊகிக்கிறேன்.

ஆனால் அதை ஒட்டி வரும் ஆற்று வெள்ளத்தை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். அந்தக் காட்சியின் ஒரு பகுதியை, அமெரிக்காவில் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததால், நியூசிலாந்துக்குப் போய் எடுத்தார்கள் என்பார்கள். அவ்வளவு செலவு செய்தும் அவர்கள் விடாததற்குக் காரணம் இருக்கிறது. ட்யூக் கரையேறிவிடுகிறார், ஜாக் வெள்ளத்தில் தவிக்கிறான். என்னை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறேன் என்கிறார் ட்யூக். ஜாக் வாக்குக் கொடுக்கிறான். கரையேறியதும் வாக்கை மீறுகிறான். அதன்பின் ஒரு சிறு விமானத்தில் ட்யூக் தப்பிக்கப் பார்க்கும்போது, பறக்கப் பயம் என்று அவர் தொடக்கத்தில் சொன்னது முழுப் பொய் என்பது ஜாக்குக்குத் தெரிகிறது. அவருக்கு விமானம் ஓட்டவே தெரியும். இத்தனை தூரம் தரைவழியாக இழுபட்டு, அடிபட்டு, சுடப்பட்டதெல்லாம் அந்த ஒரு பொய்யால்தான். ஜாக் கொதிக்கிறான். உடனே, யார் முதலில் பொய் சொன்னது, பொய் சொல்லப்படும்போது அது பொய் என்று யாருக்குத் தெரிந்திருந்தது என்று இருவரும் வக்கீல்களைப் போல வாதாடிக்கொள்கிறார்கள். சிரித்து மாளாத காட்சி அது. அதே நேரத்தில் இரண்டு பக்கக் கணக்கும் நேராகும் காட்சியும்கூட. பொய்க்குப் பொய் சரியாகிவிட்டது. இனி இருவரும் சமம். ஒருவர் கணக்காளர் என்பதை எழுத்தாளர் எங்கும் மறக்கவில்லை.

இருவரும் சமமான பிறகுதான் சரக்கு ரயில் பெட்டிக் காட்சி வர முடியும். ஓடும் பெட்டிக்குள் ஜாக்கை ஏறவிடாமல் ட்யூக் முதலில் கதவைச் சாத்துகிறார். எப்படியோ ஏறிவிட்டவன் சினத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அங்கே தொலைபேசி இல்லை, துரத்துபவர் இல்லை, நீட்டவோ மறுக்கவோ பணம் இல்லை. கோழிகளை வைத்து ட்யூக் கேட்கும் அந்த அசட்டுக் கேள்வியால் ஜாக்கின் முகம் இளகும் கணம், க்ரோடின் படப்பிடிப்பின்போதே இட்டுக்கட்டிப் பேசியதன் விளைவு என்று சொல்லப்படுவதுண்டு. அது உண்மையானால், திட்டமிட்ட திரைக்கதை ஒன்று திட்டமிடாத ஒரு கணத்துக்கு எப்படி இடம் ஒழித்துவைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜாக்கின் கைக்கடிகாரத்தைப் பற்றிய பேச்சும் இந்தப் பயணத்தில்தான் வருகிறது. மனைவி கொடுத்தது, சரியாக ஓடுவதில்லை, அடிக்கடி உதறிப் பார்த்துக் காதில் வைத்துக் கேட்கிறான். வெள்ளிக்கிழமை நள்ளிரவு என்ற கெடுவின் மேல் கட்டப்பட்ட ஒரு படத்தில், நாயகனின் கையில் நம்ப முடியாத கடிகாரத்தைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். முதன்முறை பார்க்கும்போது இது ஒரு சில்லறை வேடிக்கையாகவே கடந்துபோகும்.

லாஸ் வேகாஸும் அதற்குப் பின்னும்

அரிசோனாவில் மார்வின் ட்யூக்கைப் பறித்துக்கொண்டு போகிறான். ஜாக் மோஸ்லியிடம் சிக்குகிறான். மார்வின் தன் சரக்கைச் செரானோவுக்கே 20 லட்சம் டாலருக்கு விற்கப் பார்க்கிறான். இவனைச் சிரிப்புக்காக வைத்த அடியாளாக மட்டும் நான் பார்ப்பதில்லை. அதே தொழில், அதே திறமை, அதே பணமுடை உள்ள இன்னொருவன். நீட்டிய பணத்தை மறுக்கத் தெரியாதவன். ஜாக் எதையோ சுட்டிக்காட்டித் திரும்ப வைத்து முகத்தில் குத்தும் ஒரே தந்திரத்தில் திரும்பத் திரும்ப ஏமாறுவதுபோல, பேரத்திலும் ஒரே மாதிரி ஏமாறுகிறான். எங்கே ட்யூக்கை வைத்திருக்கிறான் என்பதை வாய்தவறி அவனே சொல்லிவிட, செரானோவின் ஆட்கள் அவனை அடித்துப் போட்டுவிட்டு ட்யூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அதற்குப் பின் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் வரும் உச்சக்கட்டம், உண்மையைச் சொன்னால், படத்தின் மிகச் சாதாரணமான பகுதி. செரானோவைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கணினித் தட்டுகள் தன்னிடம் இருப்பதாக ஜாக் புளுகுகிறான், சட்டைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி, சுற்றிலும் எஃப்பிஐ, மார்வின் குறுக்கே புகுந்து கருவியைக் கெடுக்கிறான், கடைசி நொடியில் செரானோ தட்டுகளை வாங்கிவிடுகிறான், கைதாகிறான். எல்லாம் ஒழுங்காகவே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதற்காகவே நடப்பதுபோலவும் இருக்கிறது. மூன்று தரப்பையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து முடித்துவைக்க வேண்டிய கடமையை எழுத்தாளர் நிறைவேற்றுகிறார், அவ்வளவுதான். செரானோவைப் பிடித்துக் கொடுத்ததற்கு ஈடாக, பேசியபடி மோஸ்லி ட்யூக்கை ஜாக்கிடம் விடுகிறார். கெடுவுக்குள் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர நேரமும் இருக்கிறது. துரத்தல் கதை இங்கே முடிந்துவிட்டது, நாயகன் வென்றுவிட்டான்.

கணக்கு முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், நள்ளிரவுக்குச் சற்று முன், ஜாக் எட்டிக்குக் கடைசித் தொலைபேசி அழைப்பைச் செய்கிறான். படம் முழுக்க ஒவ்வோர் அழைப்பும் ஓர் ஆபத்தைக் கொண்டுவந்தது. இந்த அழைப்பில் ஆபத்து வேறு யாரிடமிருந்தும் வரவில்லை. ட்யூக்கைக் கொண்டுவந்துவிட்டேன் என்று எட்டிக்கு உறுதிப்படுத்திவிட்டு, ஆனால் அவரை விட்டுவிடப் போகிறேன் என்கிறான். 1,00,000 டாலர் அந்த நொடியில் போய்விடுகிறது. அதன்பிறகு கடிகாரத்தைக் கழற்றி ட்யூக்கிடம் கொடுக்கிறான். அதற்கும் அப்புறம்தான் ட்யூக் தன் சட்டையைத் தூக்கி, இடுப்பில் இத்தனை நாளும் கட்டியிருந்த பணப்பட்டையை அவிழ்க்கிறார். 3,00,000 டாலர். இது லஞ்சம் அல்ல, பரிசு. என்னை நீ ஏற்கெனவே விட்டுவிட்டாய் என்று அவரே விளக்கமும் சொல்கிறார்.

இந்த மூன்று செயல்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். பணத்தை முதலில் காட்டி, பிறகு ஜாக் அவரை விட்டிருந்தால், அவன் வாழ்நாளெல்லாம் மறுத்துவந்த மாமூலை இறுதியில் வாங்கியவன் ஆகிவிடுவான். சிகாகோ, மனைவி, மகள், 10 லட்சம், எல்லாம் அர்த்தமற்றுப் போகும். விட்டபின் பணம் வருவதால் வாங்கிக்கொள்ள முடிகிறது. இரண்டு காட்சித் துணுக்குகளின் முன்பின் வரிசையில் இரண்டு மணி நேரப் படத்தின் நேர்மை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணப்பட்டை நியூயார்க்கிலிருந்தே அவர் இடுப்பில் இருந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் காசில்லாமல் இருவரும் கள்ளநோட்டுச் சோதனை நடத்துவதாக நடித்து ஒரு மதுக்கடையில் நோட்டுகளைச் சுருட்டியபோதும், சரக்கு ரயிலில் பட்டினியாகப் போனபோதும் அது அங்கேதான் இருந்தது. ஆற்றில் நனைந்தும் இருக்கும். கதாசிரியரின் குறும்பு இது என்று சிரிக்கலாம். ட்யூக் அதை முன்னமே நீட்டியிருந்தால் ஜாக் நிச்சயம் மறுத்திருப்பான், அதை ட்யூக்கும் அறிவார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பின் ஒரு நகைச்சுவை மட்டும் மிச்சமிருக்கிறது. ஜாக் வாடகைக் கார் ஒன்றை நிறுத்தி, 1,000 டாலர் நோட்டுக்குச் சில்லறை இருக்குமா என்று கேட்கிறான். ஓட்டுநர் ஏசிவிட்டுப் போய்விடுகிறார். இவன் நடக்கத் தொடங்குகிறான். அமெரிக்காவில் 1,000 டாலர் நோட்டுகளை அச்சிடுவதை 1945-இலேயே நிறுத்தி, 1969-இல் புழக்கத்திலிருந்தும் விலக்கத் தொடங்கிவிட்டார்கள். சட்டப்படி செல்லும், ஆனால் 1988-இல் அதைக் கண்ணால் கண்ட கார் ஓட்டுநர் அரிதாகவே இருந்திருப்பார். ஒரு பெரும் தொகையை இடுப்பில் அடங்கும்படி கட்ட அப்படிப்பட்ட நோட்டுகள் வசதி என்பதால் அவை கதைக்குள் வந்திருக்கலாம். வந்தவை கடைசிச் சிரிப்பாகவும் பயன்பட்டுவிட்டன. நீட்டிய பணத்தை ஜாக் மறுத்துக்கொண்டே வந்த படத்தில், முதன்முறையாக ஜாக் நீட்டும் பணத்தை இன்னொருவர் மறுக்கிறார்.

நண்பருக்கு எழுதும்போது ஹெலிகாப்டரை வெட்டிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன். மற்றதில் கை வைக்க வேண்டுமானால், வெட்டிய பிறகு ஜாக்கின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதிப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.